நாற்காலி எந்தப் பக்கம்

தக்கலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடி ஆபீஸ்.
ஜன்னலுக்கு நேர் கீழே மீன் வண்டிகளின் ஹாரன்.
மார்ச் முடிவதற்குள்
எல்லாப் பராமரிப்புத் திட்டங்களும்
புது மென்பொருளுக்குள் ஏறிவிட வேண்டுமாம்.
முந்நூற்றுப் பதினோரு பேர்.
ஒவ்வொன்றாய் அடித்தால் ஓணம் வந்துவிடும் என்றேன்.
டெம்ப்ளேட் போடு ஷைனி, என்றார் பெனட் சார்.
ஒரு தடவை செய். நூறு தடவை எடு.

புற்றுக்கு ஒன்று, சர்க்கரைப் புண்ணுக்கு ஒன்று.
மறதிக்குப் போட்டதைச் சேமிக்க மறந்து
இரண்டாம் முறை போட்டேன்.
பக்கவாதத்தை வெறும் திரையிலிருந்து தொடங்கப் பொறுமையில்லை.
குளச்சல் கிறிஸ்துதாசனின் கோப்பு இருந்தது,
நானே எழுதியது, நன்றாக எழுதியது.
நகல் எடுத்தேன்.
பெயரை அழித்து ‘பெயர்’ என்று இட்டேன்.
வயதை அழித்தேன். வள்ளத்தை அழித்தேன்.
பிலோமினாளை அழித்துப் ‘பராமரிப்பவர்’ ஆக்கினேன்.
இரண்டு மணிக்கொரு முறை திருப்பிப் படுக்கவைத்தல்: இருக்கட்டும்.
விரல்களுக்குப் பயிற்சி, காலை பத்து, மாலை பத்து: இருக்கட்டும்.
வலதா இடதா என்பது கடைசியில் மிஞ்சியது.
அதற்கும் கீழே விரியும் ஒரு பட்டியல் வைத்தேன்.
சேமி.

மூன்றாம் வாரம் குலசேகரத்திலிருந்து சுஜிலா:
“அக்கா, பதினாலாவது வரி எனக்கு வெளங்கல்ல.
நாலு மணிக்கு நாற்காலியைக் கடல் பக்கம் திருப்பி வைக்கணும்னு கெடக்கு.
இங்க ஏது அக்கா கடலு?
நாலு பக்கமும் ரப்பராக்கும்.”

திறந்து பார்த்தேன். கிடந்தது.
நாற்பத்துமூன்று வீடுகளுக்கு அதே வரி போயிருந்தது.
பேச்சிப்பாறைக்கு. அருமனைக்கு.
காற்று மட்டும் அடிக்கும் ஆரல்வாய்மொழிக்கு.
திருவட்டாரில் ஒருத்தர் ஒழுங்காகப் பதிந்திருந்தார்:
‘கடல் இல்லாததால் செயல் நிறைவேறவில்லை.’
அதற்கு எதிரே சிவப்புப் புள்ளி.

அழித்துவிடுகிறேன், மன்னிச்சுக்க, என்றேன்.
“அய்யோ வேண்டாம்.
நான் மேப்புல பாத்து, தென்மேற்கன்னு கண்டுபிடிச்சு
மககிட்ட சொல்லித் திருப்பி வச்சாச்சு.
அங்கோட்டு ஒரு கோழிக்கூடும்
பக்கத்து வீட்டு ரப்பர் ஷீட்டுக் கொடியும்தான்.
மொத நாளு தங்கபாயம்மா ஒண்ணும் மிண்டல்ல.
இப்ப மூணேமுக்காலுக்கே
நல்ல கையால சக்கரத்தைத் தட்டுகாவ.
காயுற ஷீட்டை எண்ணுகாவ அக்கா.
நேத்து முப்பத்தாறு.
சரியாக்கும், நானும் எண்ணினேன்.”

பெனட் சார் கேட்டார், இதற்கு மருத்துவ ஆதாரம் என்ன?
எனக்குத் தெரியவில்லை.
பழைய கோப்புக்குப் போனேன்.
நிலை: மூடப்பட்டது. காரணம்: மரணம். ஜனவரி ஒன்பது.
அந்த வரியை ‘இதர குறிப்புகள்’ கட்டத்தில் நான்தான் அடித்திருக்கிறேன்,
சாளை கழுவிய கையைச் சேலையில் துடைத்தபடி
பிலோமினாள் சொன்னதை:
‘நாலு மணிக்கு அந்தால திருப்பி இருத்தணும் பிள்ளே,
இல்லேன்னா மனுசன் சாயா குடிக்கமாட்டாரு.’

இரவு ஏழரைக்கு மேல், மின்விசிறியின் கிறீச்சில்,
இரண்டாம் பதிப்பு.
கடலை எடுத்தேன்.
நாற்காலி எந்தப் பக்கம்? என்று கேட்டு
ஒரு காலி இடம் விட்டேன். அறுபது எழுத்து.
திசைப் பட்டியல் தரட்டுமா என்றது மென்பொருள்.
வேண்டாம் என்றேன்.
கட்டாயம் நிரப்பவும் என்பதில் டிக் அடித்தேன்.

பதில்கள் வரத் தொடங்கின.
டிவி பக்கம்.
மருமகளுக்கு எதிர்ப்பக்கம்.
ரோட்டுப் பக்கம், ஆனா ரோட்டுல போறவங்க காணாம.
கிணத்துப் பக்கம் கூடவே கூடாது.
எந்தப் பக்கம்னாலும் கூட ஆள் வேணும்.

கருங்கலிலிருந்து ஒன்று:
கேக்கல்ல. நாளைக்குக் கேக்குறேன்.

அதை நான் சிவப்பாக்கவில்லை.
மஞ்சளில் விட்டு வைத்திருக்கிறேன்.